தென்பெண்ணை திரும்பி ஓடிய நாள்

வெள்ளிக்கிழமை காலை, மஸ்கட்டில், இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஊரிலிருந்து தம்பி ஒரே வரி அனுப்பியிருந்தான்: 'வாத்தியார் போய்விட்டார்.' எந்த வாத்தியார் என்று நான் கேட்கவில்லை. நம் பள்ளியில் படித்த யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பள்ளி மலர்க் குழுவினர் இரண்டு வருடமாகக் கேட்டும் நான் தட்டிக்கழித்த கட்டுரை இது. தண்டவாளத் துண்டு மணியைப் பற்றியும் கோதுமைக் கஞ்சியைப் பற்றியும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம். இரண்டாவது ஆசிரியர் பணியிடம் பெரும்பாலும் காலி. ஒன்றாம் வகுப்பின் 'அணில், ஆடு' இரைச்சலுக்கு நடுவேதான் நம் பகுதியின் பழைய பெயரான பாராமகாலைப் படித்தோம். அதன் பன்னிரண்டு கோட்டைகளுக்காகப் பன்னிரண்டு கூழாங்கற்களைத் திப்புவின் பக்கத்திலிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியின் பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். எண்ணுவது ஒன்றாம் வகுப்பின் வேலை. 1792-ல் அவை ஏன் கைமாறின என்று சொல்வது ஐந்தாம் வகுப்பின் வேலை. கல் ஒன்று குறைந்தால் திட்டு பெரியவர்களுக்கு.

வேடியப்பன் கோயிலுக்கும் அப்படித்தான் கூட்டிப்போவார். பொங்கலுக்குப் பொங்கல் நாம் கும்பிட்ட அந்தக் கல், மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட நடுகல் என்று அவர் சொன்ன அன்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. சாமி என்றல்லவா நினைத்திருந்தேன்! சின்னப் பிள்ளைகள் வில்லையும் அம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் எழுத்துகளை எண்ணினோம். படிக்கத் தெரியாத எழுத்தை எண்ணுவதிலும் ஒரு பெருமை இருந்தது.

1978. நான் ஐந்தாம் வகுப்பு, முதல் ரேங்க். புளியமரத்தடியில் மணலைக் குவித்துத் தென்பெண்ணை ஆறு செய்யச் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன்: நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் வழியாக வந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை தாண்டி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஒரு பிழை கிடையாது. "ஊற்று" என்றார். செம்பைக் கவிழ்த்தேன். தண்ணீர் கிருஷ்ணகிரி வரைக்கும் வந்து, யோசித்து, திரும்பி ஓசூர்ப் பக்கமே ஓடி வாத்தியாரின் வேட்டியை நனைத்தது. மிச்ச மணலையெல்லாம் கடலூரில் கொட்டியிருந்தேன்.

ஐந்து வகுப்பும் சிரித்தது. "கடல் மேட்டில் இருக்குது அண்ணா" என்றாள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி; காலையில் ஆடு ஓட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள். வாத்தியார் குச்சியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. உள்ளங்கையை நனைத்து, மணலை ஒரு பக்கமாகச் சாய்த்து வழித்தாள். கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்தாள். அணைக்கு ஓட்டுச் சில்லு ஒன்றைக் குத்தி வைத்து, கொட்டாங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தண்ணீர் சில்லுக்குப் பின்னால் தேங்கி, நிறைந்து, வழிந்து, சாத்தனூரைப் பார்த்துப் போயிற்று.

மதிய மணி வரைக்கும் என்னை இரண்டாம் வகுப்பு வரிசையில் உட்கார வைத்தார். நியாயம்தான். ஆனால் இருபது வருடம் நான் அதை நியாயம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் ஐந்தோடு நின்றுவிட்டாள். நான் பாலிடெக்னிக் போனேன். இங்கே கழிவுநீர்க் குழாய் பதிக்கும் கம்பெனியில் சரிவு கணக்கிடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவளுக்கு என்ன சம்பளம் என்று எந்த விடுமுறையிலும் நான் விசாரித்ததில்லை.

நம் ஊர் தர்மபுரி மாவட்டத்திலிருந்து பிரிந்த 2004-ல் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். "கோலமாவில் உங்களுக்குப் போட்டுக்காட்டிய எல்லையெல்லாம் வீணாய்ப் போச்சுடா" என்று சிரித்தார். கிளம்பும்போது கூச்சத்தோடு ஒன்று கேட்டார்: "அங்கே நல்ல உலக உருண்டை கிடைக்குமா? பேரனுக்கு." வாங்கி வருகிறேன் என்றேன். அடுத்த முறை பெட்டியில் இடமில்லை. அதற்கடுத்த முறை மறந்தே போனேன். தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாத்தியார் டப்பாவைத் திறந்தார். ஒரு சாக்லேட்டை எடுத்து, விரல்களுக்கிடையே மெதுவாகச் சுழற்றி, பேரனிடம் நீட்டினார்.

"இதிலே நம் ஊர் எங்கே இருக்கிறது, காட்டு பார்க்கலாம்."