கணக்கும் கடவுளும்: ஒரு தொழில் நாட்குறிப்பு

பிப்ரவரி 2

புதிதாகத் தொழில் தொடங்கவிருக்கும் இளைஞர் ஒருவர், முதலீட்டாளர்களிடம் காட்டுவதற்கான திட்ட அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தார். யாருடைய சிரமத்தைத் தீர்க்கப் போகிறார் என்பதை முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருந்தார். அது பலருக்குக் கைகூடாத காரியம். எனக்கு உறுத்தியது கணக்கு அட்டவணைதான். ஐந்தாண்டு வருவாய் வரிசையில் ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்த்தேன். எதிலும் சூத்திரம் இல்லை. வாடிக்கையாளர் எத்தனை பேர், ஒருவர் ஆண்டுக்கு எத்தனை முறை வாங்குவார், விலை என்ன என்று பெருக்கிப் பெற்ற தொகை ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் ஆண்டில் எவ்வளவு இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து கையால் தட்டியிருக்கிறார். வாடிக்கையாளர்கள் என்று குறிக்கப்பட்டிருந்தவர்களில் பாதிப் பேர் விசாரித்துவிட்டுப் போனவர்கள் என்பதும் பேச்சில் தெரிந்தது.

"நம்பிக்கையோடு எழுதினேன் ஐயா, அவர்கள் நிச்சயம் வாங்குவார்கள்" என்றார். அவருடைய நம்பிக்கையில் எனக்கு ஐயமில்லை. இனி நடக்கும் என்று நம்புவதை, ஏற்கெனவே நடந்துவிட்டதாக ஏன் எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பதில் வரவில்லை.

பிப்ரவரி 4

அந்த உரையாடல், இரத்தப் பரிசோதனைத் துறையில் இறங்கிய தெரானோஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தை நினைவூட்டியது. எலிசபெத் ஹோம்ஸ் 2003-இல் அதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 19. விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு இரத்தத்தைக் கொண்டே ஏராளமான பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்பது அவருடைய கனவு. அந்தக் கனவில் குற்றம் ஏதுமில்லை. சொந்தக் கருவி சொன்னபடி வேலை செய்யாத நிலையில், பெரும்பாலான பரிசோதனைகளைப் பிற நிறுவனங்களின் இயந்திரங்களில் செய்துகொண்டே, எல்லாம் தயாராகிவிட்டதாக முதலீட்டாளர்களிடம் சொன்னதுதான் குற்றமாயிற்று. ஒரு கட்டத்தில் சுமார் 900 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட நிறுவனம் 2018-இல் கலைக்கப்பட்டது. 2022-இல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்திற்காக அவருக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அவர் ஏமாற்ற நினைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த மாதம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தில் இன்றே சொல்லிவிடும் பழக்கம் ஒருவரை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதே இதில் அச்சமூட்டுவது.

பிப்ரவரி 7

இறைநம்பிக்கை உள்ளவர்களிடம் இதைப் பேசுவது சற்றுக் கடினம். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பதைக் கணக்கு எழுதாமலிருப்பதற்கான காரணமாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரண்டு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் விரிவாக விளக்கி 1494-இல் வெனிஸ் நகரில் அச்சிட்டுத் தந்தவர் லூக்கா பாச்சியோலி என்ற துறவி. வணிகர்கள் தங்கள் கணக்கை இறைவன் பெயரால் தொடங்க வேண்டும் என்று சொன்ன அவரே, அதன்பின் உடைமைகளையும் கடன்களையும் ஒன்றுவிடாமல் பட்டியலிடச் சொன்னார். பக்தி அவரை எண்ணிக்கையிலிருந்து விடுவிக்கவில்லை.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த வணிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தாங்கள் பெற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் விலையைவிடக் கூட்டிச் சொல்லிப் பேரம் பேசுவது பொய் என்பது அவர்களுடைய சமயக் கொள்கை. ஆகவே எவர் வந்தாலும் ஒரே விலை சொன்னார்கள். முதலில் மக்கள் அவர்களிடம் வாங்கத் தயங்கினர். ஒரு குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றப்படாது என்பது பரவிய பிறகு, அவர்களைத் தேடிப் போயினர். இந்த வரலாற்றை, நேர்மைக்கு இலாபம் உறுதி என்று காட்டுவதற்காகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாடிக்கை திரும்பி வரும் என்பது தெரியாத காலத்திலும் அவர்கள் அதே விலையைச் சொன்னார்கள் அல்லவா, நம்பிக்கை என்று நான் மதிப்பது அதைத்தான்.

பிப்ரவரி 8

முன்பணம் பற்றி இளைஞர் கேட்டிருந்தார். பொருளையோ சேவையையோ கொடுத்து முடிக்கும்வரை அது வருவாய் ஆகாது, கடன்தான் என்று எழுதினேன். வங்கிக் கணக்கில் இருக்கிறதே என்று அதை எடுத்து விளம்பரத்தில் போட்டால், முதல் வாடிக்கையாளரின் வேலையை மூன்றாமவரின் முன்பணத்தில் முடிக்க நேரிடும். ஊழியரின் சம்பளத்தில் பிடித்து வைத்த வரிக்கும் இதே விதி.

பிப்ரவரி 12

நேர்மைக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சி 1982-இல் நடந்தது. டைலினால் என்ற வலிநிவாரணிக் கேப்சூல்களில் யாரோ சயனைடு கலந்ததால் சிகாகோ பகுதியில் ஏழு பேர் இறந்ததும், அந்த மருந்தை விற்றுவந்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3.1 கோடிப் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பாராட்டத்தக்கதுதான், ஆனால் தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது அதிகம் உதவுவதில்லை, ஏனெனில் அத்தகைய இழப்பைத் தாங்கும் கையிருப்பு அந்த நிறுவனத்திடம் இருந்தது. கையிருப்பில்லாதவருக்கு வரும் சோதனை மிகச் சிறியது. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன சரக்கு வராது என்று புதன்கிழமையே தெரிந்துவிடுகிறது. உடனே தொலைபேசியில் சொல்வதா, வெள்ளி மாலை அவர்களாகவே கேட்கும்வரை காத்திருப்பதா? புதனன்று சொன்னால் வாடிக்கையாளர் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆர்டரை ரத்தும் செய்யலாம். அந்த உரிமை அவருடையது என்பதால், புதனன்றே சொல்லிவிடும்படி எழுதினேன்.

பிப்ரவரி 16

திருத்திய அறிக்கை வந்தது. இம்முறை ஒவ்வொரு கட்டத்திலும் சூத்திரம் இருக்கிறது. விசாரித்தவர்கள் தனி வரியில் இருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுத் தொகை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆர்வம் காட்டிய முதலீட்டாளர் ஒருவர் இதைப் பார்த்ததும் விலகிக்கொண்டாராம். இன்னொருவர், வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை வாங்கினார்கள் என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அதற்கான கணக்கை இளைஞர் இன்னும் எடுக்கவில்லை. எடுத்த பிறகு, வருகிற தொகை எதுவானாலும் அப்படியே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.