சமூக வானொலிக்கு என்ன வாங்கித் தரலாம்?

சமூக வானொலிக்கு உதவ வேண்டும் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது டிரான்ஸ்மிட்டர்தான், அதாவது அலையை அனுப்பும் பெட்டி. படம் எடுத்துப் போட வசதி, கொடுத்தவர் பெயரையும் மேலே ஒட்டிவிடலாம். நிலையங்கள் ஊமையாவது பெரும்பாலும் வேறு காரணங்களால். கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கும், பேட்டரி செத்திருக்கும், இல்லையென்றால் சம்பளம் வராமல் ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

கேபிளிலிருந்தே தொடங்கலாம். 100 வாட் டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்கு 30 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை இழுத்தால், எஃப்எம் அலைவரிசையில் மேலே போய்ச் சேருவது ஏறக்குறைய 35 வாட். மீதி கேபிளைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். தடித்த ஆர்ஜி-213 என்றால் 60 வாட்டைத் தாண்டும். அரை அங்குல ஃபோம் கேபிள் என்றால் 85 வாட் வரை கிடைக்கும். 100 வாட் பெட்டியைத் தூக்கிப்போட்டு 200 வாட் வாங்குவதைவிட நல்ல கேபிள் மலிவு.

உயரமும் அப்படித்தான். குறுக்கே மலை இல்லாத சமவெளியில், 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவின் ரேடியோ அடிவானம், அதாவது அலை நேராகப் போய்த் தொடும் தூரம், சுமார் 13 கிலோமீட்டர். அதையே 30 மீட்டருக்கு ஏற்றினால் 22 கிலோமீட்டரைத் தாண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் அலையின் வலிமையில் கூடுவது 3 டெசிபெல்தான். வீட்டில் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். ஆனால் ஆன்டெனா உயரத்துக்கும் வாட்டுக்கும் உரிமத்தில் வரம்பு இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் கோபுரத்தில் கைவைக்க வேண்டும்.

வெளியே இருக்கும் கனெக்டர், அதாவது கேபிள் முனையின் இணைப்புதான் நோயின் ஊற்று. வெறும் பிவிசி டேப் சுற்றிவிட்டால் ஒரு கோடையில் பசை இளகிக் கழன்றுவிடும். முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். கீழிருந்து மேலாகச் சுற்றினால் அடுக்குகள் கூரை ஓடு மாதிரி படிந்து தண்ணீரை வெளியே வழியவிடும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். வெயிலுக்குக் கவசமாக அதன் மேல் பிவிசி டேப். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு தொய்வு விட்டால், வழிந்துவரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

தண்ணீர் புகுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? எஸ்டபிள்யூஆர், அதாவது அனுப்பிய சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கினால் கிட்டத்தட்ட உறுதி. 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம், கவலையில்லை. 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25. பல டிரான்ஸ்மிட்டர்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வாட்டைக் குறைத்துவிடும். ஸ்டூடியோவில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும், பக்கத்து ஊரில் இரைச்சல் மட்டும் கேட்கும். தினமும் ஒரே நேரத்தில் வாட்டையும் எஸ்டபிள்யூஆரையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம், விலையுயர்ந்த அளவுக் கருவியைவிட அதிக நிலையங்களைக் காப்பாற்றும். ஆன்டெனாவோ, சோதனைக்கு அதன் இடத்தில் மாட்டும் டம்மி லோடோ இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யக் கூடாது என்பதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

பழைய கருவிகளை வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் மறக்கும் ஒன்று, ப்ரீ-எம்ஃபஸிஸ், அதாவது அனுப்பும் முன் கீச்சு ஒலிகளைத் தூக்கிவிடும் அளவு. அமெரிக்காவில் 75 மைக்ரோ செகண்ட். இந்தியா, ஐரோப்பா உட்பட உலகின் பெரும்பகுதியில் 50. அமெரிக்கப் பெட்டியை மாற்றாமல் ஓடவிட்டால் 'ச', 'ஸ' எல்லாம் பாம்பு மாதிரி சீறும். மைக்தான் கெட்டுவிட்டது என்று புது மைக் வாங்குவார்கள், அதிலும் சீறும். பல பெட்டிகளில் உள்ளே ஜம்பர் என்ற சிறு இணைப்புத் துண்டையோ மெனுவில் ஓர் எண்ணையோ மாற்றினால் தீர்ந்தது. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், இந்த ஊரில் 230 என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் மறக்கிறார்கள்.

மின்சாரக் கணக்கு. 100 வாட் டிரான்ஸ்மிட்டர் மின் இணைப்பிலிருந்து 200 வாட் வரை இழுக்கும். கணினி, ஒலிகளைக் கலக்கும் மிக்சர், விளக்கு என்று 100 சேர்த்தால் 300. எட்டு மணி நேரத்துக்கு 2,400 வாட்-மணி, இன்வெர்ட்டர் இழப்போடு 2,800. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் ஆயுள் போய்விடும். ஆகவே 12 வோல்ட், 120 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு வேண்டும். அதில் ஒன்று செத்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், பழையது புதியதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். மின்னல் மிகுந்த ஊரில் கோபுரம், டிரான்ஸ்மிட்டர், ஸ்டூடியோ மூன்றின் எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் ஒன்றாக இணைத்தே ஆக வேண்டும். தனித்தனி எர்த் என்றால் இடி விழும்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மிக்சர்தான் பலி.

டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் முதலில் பழுதாவது மின்விசிறி, அடுத்தது பவர் சப்ளை. எனவே நன்கொடைப் பட்டியலில் விசிறி இரண்டு, பவர் சப்ளை ஒன்று, கனெக்டர் பத்து, ஃப்யூஸ் ஒரு டப்பா எழுதுங்கள். பழுது பார்க்க ஒருவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் அவர் நல்ல வேலை கிடைத்துப் போய்விடுவார், இருவருக்குக் கொடுங்கள்.

பணமாகக் கொடுப்பவர்கள் கருவிக்குத் தரும் அளவுக்காவது மூன்றாண்டுச் சம்பளத்துக்கும் தர வேண்டும் என்பது எங்கள் கருத்து. "தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று திட்ட அறிக்கையில் எழுதுவது சுலபம், ஆறு மாதம் கழித்துக் காலை ஆறு மணிக்கு ஸ்டூடியோவைத் திறக்க ஆள் தேடுவதுதான் கடினம். பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் இறுதியிலிருந்து சொந்த வானொலிகளை நடத்தியது தங்கள் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கித்தான். கேட்பவர் கொடுக்கும் சிறு தொகை வந்துகொண்டிருந்தால், ஒரே நன்கொடையாளர் போனதும் நிலையம் படுத்துவிடாது. நேரத்தை முழுக்கத் தொண்டு நிறுவனங்களுக்கு விற்றுவிட்ட வானொலியில் நாள் முழுக்கக் கைகழுவும் பாட்டு ஓடும். அதை யார் காசு கொடுத்துக் கேட்பார்கள்?

சுதந்திரம் என்பது கருவியோடு வருவதில்லை. நேபாளத்தில் 1997இல் ரேடியோ சாகர்மாதா தொடங்கிய பிறகு சுயேச்சை எஃப்எம் நிலையங்கள் பெருகின. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்ததும், அவை செய்தி ஒலிபரப்பத் தடை விழுந்தது. டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. அந்த மாதிரி நேரத்தில் வழக்கறிஞர் கட்டணம்தான் உண்மையான உதவி. அதற்கென்று ஒரு தொகையைத் தொடக்கத்திலேயே தனிக் கணக்கில் போட்டுவைக்கலாம்.

இணையத்தில் மட்டும் இயங்கும் சிறு செய்தித் தளங்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. போலிக் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தை முடக்குவார்கள். 2014 முதல் கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் நடத்தும் புராஜெக்ட் கலீலியோ போன்ற திட்டங்களில் சுயேச்சை ஊடகங்களுக்கு இலவசப் பாதுகாப்பு கிடைக்கிறது, விண்ணப்பித்துப் பெறலாம். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: தளத்தின் டொமைன், அதாவது அதன் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் முதலில் தளத்தை அமைத்துக்கொடுத்த பையனின் மின்னஞ்சலில்தான் இருக்கும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவனுக்குத்தான் போகும், அவன் அந்த முகவரியைத் திறந்தே வருடக்கணக்காகியிருக்கும்.