ஒற்றைக் கோடு வைஃபை

ஒரு பெரிய ஃபைலை அப்லோடு போட்டுவிட்டுப் படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். 87 சதவீதத்தில் அப்படியே நின்றுவிட்டது. பார்த்தால் வைஃபை ஒற்றைக் கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது, பக்கத்திலேயே 4ஜி சிக்னல் முழுசாக இருக்கிறது, போன் அதைச் சீண்டவே இல்லை. கட்டைவிரலால் வைஃபையை அணைத்தேன். அப்லோடு பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது! எந்தப் பாதையில் போவது என்கிற ரவுட்டிங் முடிவை எடுத்தது என் கட்டைவிரல், தண்டனையும் எனக்கே.

போனை மட்டும் திட்டிப் பயனில்லை. இணையத்தில் தகவலைப் பிசகாமல் கொண்டுசேர்க்கும் விதிமுறை டிசிபி. இரண்டு முனைகளின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கருவியின் விலாசம்), போர்ட் எண் (அந்தக் கருவியில் எந்த நிரலுக்கு என்று சொல்லும் எண்), இந்த நான்கையும் வைத்துத்தான் ஒரு டிசிபி இணைப்பை அடையாளம் காண்கிறார்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் முகவரி மாறிவிடும், சர்வருக்கு நான் யாரோ புது ஆள். மேஜையை விட்டு நகராத கணினிகளின் காலத்தில் போட்ட விதி அது.

இதற்குத் தீர்வாக 1996-இல் மொபைல் ஐபி வந்தது. எங்கே போனாலும் பழைய முகவரியே இருக்கும், அங்கே வருகிற பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, நம் சொந்த நெட்வொர்க்கில் இருக்கும் ஹோம் ஏஜென்ட் என்கிற கருவி வாங்கி, நாம் இருக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்பும். நல்ல யோசனைதான், ஆனால் பக்கத்திலேயே இருக்கிற சர்வர் அனுப்புவதுகூட அந்த ஏஜென்ட் வழியாகச் சுற்றி வரும், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. அப்புறம் மல்ட்டிபாத் டிசிபி, ஒரே இணைப்புக்குள் இரண்டு பாதைகள். 2013-இல் ஆப்பிள் இதைத் தன் குரல் உதவியாளரான சிரிக்குப் பயன்படுத்தியது. எனக்குப் பிடித்தது 2021-இல் இணையத் தரநிலையாக வெளியான க்விக், டிசிபிக்கு மாற்றான விதிமுறை. அதில் இணைப்புக்கென்றே தனி அடையாள எண் இருப்பதால், முகவரி மாறினாலும் சர்வர் ஆளைத் தெரிந்துகொள்ளும். சர்வர் பக்கமும் இதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

சரி, மாறலாம், எப்போது மாறுவது? அந்தக் கோடுகள் சொல்வது போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள ரேடியோ நிலவரம் மட்டும்தான். ரவுட்டருக்கு அப்பால் கேபிளே அறுந்து கிடந்தாலும் முழுக் கோடு காட்டும். அதனால்தான் வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு ஒரு சின்ன முகவரியைக் கேட்டு, 204 என்ற காலிப் பதில் வருகிறதா என்று பார்க்கிறது. வந்துவிட்டால் இணையம் இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று தெரியாது. நொடிக்கு நொடி இரண்டு பாதைகளையும் சோதித்தால் தெரியும்தான், பேட்டரி தாங்காது.

இப்போதெல்லாம் அப்லோடு போடும் முன்பே வைஃபையை அணைத்துவிட்டுக் கிளம்புகிறேன். திரும்பி வந்ததும் அதைப் போட மறந்து மொத்த டேட்டாவையும் காலி செய்வது தனிக் கதை.