நிமிஷத்துக்கு 18 லிட்டர்: காத்துக் கணக்கு ஒருவழியா படிஞ்சிருச்சு

ஸ்கூபா டைவிங்ல என் காத்து செலவு இப்போதான் ஒரே நம்பர்ல நிக்குது, மேல்மட்ட கணக்குல, அதாவது தண்ணிக்கு மேல இருக்கிற அழுத்தத்துக்கு மாத்திப் பாத்தா, நிமிஷத்துக்கு 18 லிட்டர். போன சீசன் பூரா தென்னாப்பிரிக்கா கடல்ல இருக்கிற அலிவால் ஷோல் பாறைத்திட்டுல டைவுக்கு டைவ் மாறிட்டே இருந்துச்சு, ஒருநாள் 16னா இன்னொரு நாள் 23, அதை வச்சு என்ன பிளான் போட முடியும் சொல்லுங்க.

ஃபார்முலா சிம்பிள்தான்: சிலிண்டர்ல குறைஞ்ச அழுத்தத்தை (பார்) சிலிண்டர் லிட்டரால பெருக்கி, நிமிஷத்தாலயும் அந்த ஆழத்து அழுத்தத்தாலயும் வகுக்கணும். சிக்கல் முதல் ரீடிங்லதான் இருக்கு. அங்க போற உம்கொமாஸ் கரையில போட் கிளம்புறதுக்குள்ள சிலிண்டர் வெயில்ல நல்லா காஞ்சிரும், அழுத்தம் காட்டுற கேஜ் 200 பார் காட்டும். 35 டிகிரில இருந்தது 22 டிகிரி தண்ணிக்குள்ள போனா நாம ஒரு மூச்சுகூட இழுக்காம 8 பார் இறங்கிரும். 12 லிட்டர் சிலிண்டர்ல அது கிட்டத்தட்ட 100 லிட்டர்! அதோட இறங்கும்போது மிதப்பைச் சரிபண்ற ஜாக்கெட்டுக்கு அடிக்கிற காத்து வேற. அதனால கரையில பாத்த நம்பரை எடுத்துக்கவே கூடாது, கீழ போய் மூச்சு சீராகி அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் எழுதணும்.

அடுத்தது ஊசி. என் கேஜ்ல 10 பாருக்கு ஒரு கோடு, ஊசி ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா 5 பார் அங்க இங்க ஆகத்தான் செய்யும். 10 மீட்டர்ல 5 நிமிஷம் அளந்தா மொத்தமே 15 பார்தான் குறையும், அதுல 5 பார் பிசகுனா மூணுல ஒரு பங்கு போச்சு. அதே ஆழத்துல 15 நிமிஷம் இருந்தா 45 பார், அப்போ அதே பிசகு ஒன்பதுல ஒரு பங்குதான். பொறுமையா தண்ணிக்குள்ள எழுதுற ஸ்லேட்ல எழுதுங்க, நம்பர் தானா படியும்.

சிலிண்டருக்கு காத்து ஃபில் பண்ற இடத்துலயும் கொஞ்சம் சண்டை போடுங்கப்பா. நான் போற கடையில அவசரமா அடிச்சு சூடு ஆறுறதுக்குள்ள கழட்டி குடுத்துடுறாங்க, வீட்டுக்கு வந்து பாத்தா 185.

சரி, அலிவால்ல கதீட்ரல்னு ஒரு டைவ் இடம் 27 மீட்டர் ஆழம், அங்க 3.7 பார், அப்போ நிமிஷத்துக்கு 66 லிட்டருக்கு மேல போகும். "50 பாரோட மேல வந்துரு"ன்னு போட்ல சொல்றது எனக்கு சுத்தமா ஒத்துவரல. கூட வர்றவர் காத்து தீந்து என்கிட்ட இழுத்தா, பதட்டத்துல ஆளுக்கு 30 லிட்டர், கீழ ஒரு நிமிஷம், ஏற 3 நிமிஷம், 5 மீட்டர்ல 3 நிமிஷம், மொத்தம் 915 லிட்டர், அதாவது 76 பார். நான் 80 பார் மிச்சம் வச்சிருக்கேன். தண்ணிக்குள்ள நிஜமா இருக்கிற 192ல அதைக் கழிச்சா 20 நிமிஷம் வரும், இறங்குற செலவு போக அதுவும் முழுசா இல்ல. நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலா கலந்த காத்து) போட்டா இன்னும் அதிக நேரம் கிடைக்காதான்னு ஒரு தம்பி கேட்டாரு. டீகோ லிமிட், அதாவது ஏறும்போது கட்டாயமா நின்னு வரத் தேவையில்லாம கீழ இருக்கக்கூடிய நேரம், நீளும் தம்பி, காத்து ஒரு லிட்டர்கூட கூடாது.

இன்னும் கரண்ட்ல (கடல் நீரோட்டம்) நீந்துற நம்பர் எடுக்கல. அதுக்குள்ள புரோட்டியா பேங்க்ஸ்ங்கிற இன்னொரு டைவ் இடத்து மேல ஆசை வந்துருச்சு, அங்க கரண்ட் இழுக்கும், 18ஐ வச்சுட்டு போக மாட்டேன். 15 லிட்டர் சிலிண்டர் செகண்ட் ஹேண்ட்ல தேடிட்டிருக்கேன், டர்பன் பக்கம் ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டரோட அழுத்தச் சோதனை) தேதி முடியாதது யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.