தவக்காலத்துக்கு இரண்டு புத்தகங்கள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தாலே எங்கள் காரைக்குடி வீட்டில் கண்ணதாசனின் 'இயேசு காவியம்' அலமாரியை விட்டு இறங்கிவிடும். பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர் எழுதியது, அதனால்தானோ என்னவோ, நம் வீட்டுப் பேச்சு போலவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து வந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டுவேன். இயேசு படும் துன்பங்களைச் சொல்லும் பாடுகள் பகுதி வந்தால் அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொள்ளும். நானும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் தொடர்வேன்.

அப்புறம் 'தேம்பாவணி' காப்பியம். 3,615 பாடல்கள் என்று மலைக்க வேண்டாம். உரையோடு எடுத்துக்கொண்டு நாளுக்கு ஐந்து பாடல் போதும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரை 'வளன்' என்று நாயகனாக்கிப் பாடியிருக்கிறார். சூசையப்பர் திருநாளான மார்ச் 19 அன்று தொடங்கலாம்.

'இயேசு காவியம்' என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. வேண்டுபவர்கள் சொல்லுங்கள், தருகிறேன்.