இடது கைக்கு யார் சொல்வது

11 வருஷமாக ஸ்கூட்டி ஓட்டுகிறவளுக்குக் கியர் பைக் என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வரை கண்ணை மூடிக்கொண்டு போவேன் (மூடவில்லை, பேச்சுக்குச் சொல்கிறேன்), எந்த முக்கில் மினிபஸ் திடீரென்று நிற்கும், எந்த ஸ்பீடு பிரேக்கருக்கு வெள்ளைக் கோடு கிடையாது என்பதெல்லாம் அத்துப்படி. மிச்சம் இருப்பது கிளட்சும் கியரும்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிரிக்கக்கூட இல்லை. "முதல்ல வண்டிய வாங்கு, அப்புறம் பேசு" என்றார்.

37 வயதில் ஏன் பைக் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். ஆசை. சின்ன வயதில் தெருவில் புல்லட் போனால் ஜன்னல் வரைக்கும் ஓடிப் பார்த்த ஆசை. அதனால் முதலில் போய் நின்றது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 முன்னால். ஷோரூமில் இருந்த பையன் "சாருக்கா மேடம்?" என்று கேட்டான். எனக்குத்தான் என்றதும் என்னை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, ஸ்கூட்டர்கள் அந்தப் பக்கம் இருக்கிறதே என்றான். கோபம் வந்தது. ஆனால் ஏறி உட்கார்ந்த பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் உயரம் 5 அடி 1 அங்குலம். சீட் உயரம் 805 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. வண்டியின் எடை 195 கிலோ.

சித்தப்பா அப்போது சொன்ன சோதனையை வண்டி வாங்கப் போகிற எல்லோருக்கும் சொல்வேன். உட்கார்ந்தபடியே, காலால் உந்தி வண்டியைப் பின்னால் நகர்த்திப் பார். 10 அடி போனால் அது உன் வண்டி. கிளாசிக் 350 ஒரு அங்குலம் கூட அசையவில்லை, அதுவும் டைல்ஸ் போட்ட வழவழ தரையில்.

அப்புறம் அதே கம்பெனியின் ஹண்டர் 350. சீட் 790 மில்லிமீட்டர்தான், இது சரியாக வரும் என்று தோன்றியது. பாதத்தின் முன்பாதி தரையில் பட்டது. ஆனால் 181 கிலோ. இடது பக்கம் லேசாகச் சாய்த்தேன், ஒரு கோணத்துக்கு மேல் அது என்னைக் கேட்கவில்லை, ஷோரூம் பையன் ஓடி வந்து பிடித்தான். கடைசியில் நான் வாங்கியது 2018 மாடல் ஸ்பிளெண்டர், செகண்ட் ஹேண்ட். சீட் உயரம் 785. ஹண்டருக்கும் இதற்கும் உயரத்தில் 5 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் இதன் எடை 112 கிலோ. நடுவில் இருக்கிற அந்த 69 கிலோ ஒரு முழு ஆள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கூடுதலாக ஓர் ஆளை இடுப்பில் தாங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. இதை எந்த விளம்பரத்திலும் சொல்வதில்லை, சிசி, மைலேஜ், பிக்கப் என்றுதான் பேசுகிறார்கள். இன்னொன்று, உயரம் மட்டும் பார்த்தும் முடிவு செய்ய முடியாது, சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து அதே உயரத்திலேயே கால் எட்டாமல் போகும். உட்கார்ந்து பார்க்காமல் இணையத்தில் எண்களை ஒப்பிட்டு முடிவெடுக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

"அத்தை, பால்காரர் வண்டியா வாங்குனீங்க?" என்றான் அண்ணன் மகன். ஆமாம்டா, இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் தினமும் 40 கிலோமீட்டர் விழாமல் ஓட்டுகிறார் என்றால் அந்த வண்டியைத்தானே கற்றுக்கொள்கிறவள் வாங்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே சுருக்கமாக: ஆர்சியில் (பதிவுச் சான்று) இருக்கும் சேஸிஸ் நம்பர் வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒத்துப்போகிறதா, பைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள், நடுவில் எங்காவது 'டக்' என்று மாட்டினால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங், போயிருக்கிறது. மிச்சத்தைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். என் வண்டியில் ஏபிஎஸ் (ஓங்கிப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கிடையாது, முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். 125 சிசிக்கு மேலே இருக்கும் வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ் கட்டாயம், அதைத் தெரிந்தேதான் விட்டேன். காசு இருந்து, கையில் அடங்குகிற எடையில் ஏபிஎஸ் வண்டி கிடைத்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

சரி, இடது கை விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரைச் சுற்றி பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற நகர்கள் நிறைய. பெரிய வளைவு, அதில் ஒரு சாமி பேர், கிழிந்துபோன கலர் கொடிகள், உள்ளே போனால் தார் ரோடு மட்டும் கட்டம் கட்டமாக இருக்கும், வீடு ஒன்றுகூட இருக்காது. பைக் பழகுவதற்கென்றே போட்டது போல. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து, முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் ஒட்டிக்கொண்டு அங்கே போனோம். கிளட்ச் நான் பயந்த அளவுக்கு இல்லை. முதல் அரை மணி நேரம் ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை சித்தப்பா, கிளட்சை மட்டும் மெதுவாக விட்டு வண்டி நகர ஆரம்பிக்கிற அந்த இடத்தைக் கண்டுபிடி, அங்கேயே பிடித்து வை, திரும்ப அழுத்து, இதையே ஐம்பது தடவை. ஸ்பிளெண்டரில் நான்கு கியரும் முன்னால் மிதிப்பதுதான், இறக்க வேண்டுமென்றால் குதிகாலால் பின்னால் மிதிக்க வேண்டும். அதுவும் வந்துவிட்டது. எந்தக் கியரில் இருக்கிறோம் என்று குனிந்து காலைப் பார்க்கிற கெட்ட பழக்கம் மட்டும் ஒரு வாரம் போகவில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு செகண்ட் குனிந்தால் வண்டி 11 மீட்டர் போயிருக்கும், ஒரு பஸ்ஸின் நீளம், என்று பஸ் ஓட்டினவர் சொன்ன பிறகு நிறுத்தினேன்.

மூன்றாவது நாள் ஒரு நாய் குறுக்கே வந்தது. இரண்டாவது கியர், 20, 25 இருக்கும். நான் பிரேக் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. நிற்கவில்லை என்பதைவிட, விடுதலை ஆனது போல வழுக்கிக்கொண்டு போனது. நாய்க்குப் புத்தி இருந்ததால் தப்பித்தது. நின்ற பிறகு கையைப் பார்த்தால் இடது கை முழுசாக இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஸ்கூட்டியில் இடது கைப்பிடி என்றால் பின்பிரேக். பைக்கில் அதே இடத்தில் கிளட்ச். 11 வருஷமாக ஆபத்து என்றால் இடது கையை இறுக்கு என்று பழகிய உடம்பு, அதையே செய்தது. கிளட்சை அழுத்தியதும் இன்ஜின் பிடியும் போய், வண்டி இன்னும் சுலபமாக உருண்டது. வலது காலோ சும்மா இருந்தது, பிரேக் போட வேண்டியது தன் வேலை என்று அதற்கு யாரும் சொல்லவே இல்லையே.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, எனக்குத்தான் கற்றதை அழிக்கவும் வேண்டியிருந்தது. சித்தப்பா முதலில் கேட்டது, "வாரம் பூரா என்னத்துல ஆபீஸ் போற?" ஸ்கூட்டிதான் என்றேன். "அப்ப எப்படி ஏட்டி மறக்கும்? பஸ்ஸுல போ." மூன்று வாரம் பஸ்ஸில் போனேன். சாயங்காலம் அந்த நகரில் ஓட்ட வேண்டும், அவர் எங்கேயாவது நின்றுகொண்டு திடீரென்று கை தட்டுவார், தட்டினதும் வலது கை, வலது கால் இரண்டாலும் நிறுத்த வேண்டும், கிளட்ச் கடைசியில்தான். நான் வாய்விட்டு "வலது வலது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஆடு மேய்க்க வந்த பாட்டி ஒருத்தி தினமும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

இதில் இன்னொரு தடை, நம் ஊரில் எல்லோரும் சொல்கிற ஒரு புத்திமதி: முன்பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும். இதைச் சொல்லியே ஊரில் பாதிப் பேரைப் பின்பிரேக்கோடு மட்டும் ஓட விட்டிருக்கிறார்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் போகிறது, முன்டயர் தரையில் அழுந்துகிறது, அதனால் நிறுத்துகிற சக்தியில் பெரும்பங்கு முன்னால்தான் இருக்கிறது. பின்னால் எடை குறைவதால் காலை ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டு போகும். முன்பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கூட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் மணல் மேலேயும் மட்டும் அதைத் தொடக் கூடாது. இந்த வரியை நான் அப்போதே நன்றாகக் கேட்டிருக்க வேண்டும்.

லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடுவதைப் பற்றி: அது ஒரு சடங்கு என்று கேலி செய்கிறவர்களில் நானும் ஒருத்தி. முதல் தடவை இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டேன், ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்கச் செங்கல் வைத்துப் பழகியபோதுதான் தெரிந்தது, வேகமாகப் போக யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, வேகம் இருந்தால் வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும். நடக்கிற வேகத்தில்தான் விழும். பாதிக் கிளட்ச், மாறாத கொஞ்சம் ஆக்சிலேட்டர், பின்பிரேக்கை லேசாக உரசவிட்டு, கண் மட்டும் அடுத்துப் போகப்போகிற இடத்தில். செங்கல்லைப் பார்த்தால் செங்கல்லுக்கே போகும். சந்தைக்கூட்டத்தில், ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று போவதில், எல்லாவற்றிலும் இதுதான்.

லைசென்ஸ் வந்த பத்தாவது நாள் விழுந்தேன். பெட்ரோல் பங்க்கில். உள்ளே திரும்பிக்கொண்டிருக்கிறேன், வேகம் 5 கூட இருக்காது, குறுக்கே ஒரு எக்ஸ்எல் மொபெட் வந்தது. இந்தத் தடவை இடது கை ஒழுங்காக இருந்தது, வலது கைதான் முன்பிரேக்கை அப்படியே அள்ளிப் பிடித்தது, ஹேண்டில் முழுசாகத் திரும்பியிருக்கும்போது. வண்டி வலது பக்கம் சாய்ந்து, கெண்டைக்காலில் சைலன்சர். பங்க்கில் வேலை செய்கிற அக்கா ஓடி வந்து இன்ஜினை ஆஃப் செய்தாள். வலது பக்கம் விழுந்த வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் சைடு ஸ்டாண்டை வெளியே எடுத்துவிட்டுக் கியரில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தூக்குகிற வேகத்தில் இடது பக்கம் விழுந்துவிடும், இதை அந்த அக்காதான் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிவிட்டோம். 195 கிலோ வண்டியாக இருந்திருந்தால் கால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி யோசித்தேன். யாரோ பேஸ்ட் தடவச் சொன்னார், அந்த அக்கா அவரை அதட்டிவிட்டு 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காலை வைத்திருக்கச் செய்தாள். தழும்பு இருக்கிறது. இப்போது ஜீன்ஸும் ஷூவும் இல்லாமல் ஏறுவதில்லை. சுடிதார் என்றால் துப்பட்டா கைப்பைக்குள்ளே போய்விடும், பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கிற சாரி கார்டு இருந்தாலும்.

ஹெல்மெட்டுக்கு அளவு எடுத்து வாங்குங்கள். புருவத்துக்குக் கொஞ்சம் மேலே டேப் சுற்றினால் வரும் அளவுதான். எனக்கு 56 சென்டிமீட்டர், நான் 11 வருஷமாகப் போட்டிருந்தது 60, என் தம்பியுடையது. வாரைப் பூட்டிவிட்டுப் பின்னாலிருந்து மேலே உந்திப் பாருங்கள், கழன்று வந்தால் அது தொப்பி. 1,000 ரூபாய் அபராதத்துக்கு வேண்டுமானால் அது உதவும்.

போன ஆடியில் முதல் தடவை நெடுஞ்சாலையில் தெற்கே போனேன். சித்தப்பா பின்னால் அவர் வண்டியில். வள்ளியூர் தாண்டி, காவல்கிணறு வரைக்கும் ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று வலது பக்கத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறது. இங்கேதான் 112 கிலோ என்பது பிரச்சினை. காற்றுக்கு எதிராக வலது பக்கம் லேசாகச் சாய்ந்தே ஓட்ட வேண்டியிருந்தது. ஒரு பஸ் என்னைத் தாண்டும்போது காற்று சட்டென்று நின்றது, சாய்ந்திருந்த வண்டி பஸ் பக்கமாக இழுத்தது, பஸ் போனதும் ஒரே அறை, இடது ஓரத்துக்குத் தள்ளியது. பிடியை இறுக்காதே, குனிந்துகொள், வேகத்தைக் குறை என்று சொல்லியிருந்தார். மூன்றையும் செய்தேன். முப்பந்தல் காற்றாலைகளைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. காவல்கிணற்றில் டீக்கடையில் நிறுத்தி, "இன்னைக்கு இது போதும் சித்தப்பா" என்றேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

டீ குடித்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். இந்த மாடலில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், 2017 ஏப்ரலில் இருந்து வருகிற எல்லா டூவீலரிலும் அப்படித்தான், அணைக்க ஸ்விட்சே கிடையாது. வருஷக்கணக்கில் எல்லா ரோட்டிலும் அந்த வெளிச்சம்தான், இருந்தும் எதிரே வருகிறவர்கள் கை விரலைக் குவித்து விரித்துக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏம்மா, லைட்டு எரியுது பாரு."

"தெரியும்ணே" என்று சொல்லிவிட்டு, கிளட்சை அழுத்தி, முன்னால் ஒரு மிதி.