என்னை வாங்கிக்கொள்ளுங்கள்

இன்று காலை மத்ரீத்தில் (மாட்ரிட்தான்), எங்கள் லாவாபியேஸ் பேட்டையின் தெருமுனைப் பழக்கடையில் என்னையே விலைக்குப் போட்டுவிட்டு வந்தேன். விலை போகவில்லை.

ஸ்பானிஷில் வினைச்சொல்லுக்கு வால் முளைக்கும். 'தா' என்றால் அவர்களுக்கும் கிட்டத்தட்ட தா தான். (மத்ரீத் வந்த முதல் வாரத்தில் இதைக் கண்டுபிடித்துவிட்டு, ஏதோ கடல் தாண்டிப் புதுக் கண்டம் பார்த்தவன் மாதிரி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, அங்கே விடியற்காலையில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) ஆனால் நம் தா-வுக்குள் எனக்கோ உனக்கோ ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, அவனுக்கு என்றால் கொடு, தொல்காப்பியரே பிரித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இவர்களுக்கு அந்த வசதி இல்லை, எனக்கு என்பதற்கு 'மே'யை ஒட்டி 'தாமே' என்கிறார்கள். அதை எனக்குத் தா என்றால் 'தாமேலோ'. சரி, அதை அவளுக்குக் கொடு என்றால் 'தாலேலோ' என்று தாலாட்டு மாதிரி அழகாக வர வேண்டுமா இல்லையா? வராது. லே-யும் லோ-வும் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள், பக்கத்துப் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். லே உள்ளே போய் வேஷம் மாற்றிக்கொண்டு 'ஸே' என்று வரும்: 'தாஸேலோ'. தராதே என்று சொல்லிப் பாருங்கள், வால் கழன்று முன்னால் ஓடிவிடும்: 'நோ மே லோ தெஸ்'.

போதாக்குறைக்கு இரண்டாம் மாடிப் பாட்டி. அவளிடம் சொல் என்பதற்கு வகுப்பில் 'தீலே', பாட்டி வாயில் 'தீலா'. பெண் என்றால் லா தானே என்பது பாட்டியின் நியாயம், மத்ரீத்தில் பழைய ஆட்கள் பலருக்கும் அதே நியாயம். அதை நம்பி வகுப்பில் 'தீலா' என்றேன், டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இன்றைக்கு ஆரம்பம் அமர்க்களம். 'போன்மே' என்று ஒரு கிலோ தக்காளி கேட்டேன், நம்மூரில் ஒரு கிலோ போடுங்க என்பதேதான். தராசு முள் நின்றது, பையும் கைக்கு வந்தது. காசு எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு 'கோப்ரமே' சொல்ல வேண்டும். நான் கணீரென்று 'கோம்ப்ரமே' என்றேன். என்னை வாங்கிக்கொள்!

கடைக்காரர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கிலோ என்ன விலை?" என்றார். வரிசையில் எனக்குப் பின்னாலிருந்து பாட்டி, முலாம்பழத்தை அமுக்கிப் பார்ப்பது போல என் முழங்கையை அமுக்கிவிட்டு, "ரொம்பப் பழுத்துப்போச்சு, வேண்டாம்" என்றார். என் சின்னவள் வெங்காய மூட்டை மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். நான் வீடு வந்து சேர்வதற்குள் வீட்டு அம்மணிக்குச் செய்தி போய்விட்டது. எல்லாம் பாட்டி உபயம். "திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்றாள் கதவைத் திறந்தபடி.

சாயங்காலம் அம்மாவுடன் வீடியோ கால். நடுவில் சின்னவள் வந்து, "அப்பா, தண்ணி தாமே!" என்றாள். நம் தா, அவர்கள் மே. ஒரு வருஷமாக இப்படித்தான் கேட்கிறாள், நான் திருத்தவில்லை.

"பாருடா, தாமே எடுத்துக்கிறேங்குது குழந்தை. உனக்கு அந்த வயசுல அஞ்சு பேர் வேணும்" என்றாள் அம்மா.

நான் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன்.